பதினெட்டு வீட்டுப் பள்ளிக்கு நான் வைத்த பெயர்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி, 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, பதினெட்டு வீடு' என்று ஒரு பள்ளி இருக்கிறது. அந்தப் பெயர் அண்மையில் வந்தது. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் அந்தப் பள்ளியின் சுவரிலும், வருகைப் பதிவேட்டிலும், அங்கே படித்து வெளியேறிய ஒவ்வொரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழிலும் 'பன்னிக்காடு' என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான். தெரியாமல் வைக்கவில்லை. வேறு பெயர் கேட்டு அந்த மக்கள் எழுதிக் கொடுத்த மனு என் மேசைமேல் இருந்தபோதே வைத்தேன்.

போன மாதம் ஒன்றியத்து இளம் ஆசிரியர்கள் சிலரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். புதிய பெயர்ப்பலகையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்: "எந்தப் புண்ணியவானுங்கையா இப்பிடியெல்லாம் பள்ளிக்கொடத்துக்குப் பேரு வெக்கறது?"

"நானுங்க தம்பி" என்றேன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஆசிரியை ஒருவர், "அதையே எழுதிக் கொடுங்கையா, நம்ம ஆசிரியர் மலர்ல போடலாம்" என்றார். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், வழிகாட்டியாக இருக்கும் என்று அவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். வழிகாட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, ஓராசிரியர் பள்ளிகளில் பத்து வருடம் அலைந்து, தபால் வழியில் பட்டங்கள் வாங்கி, சொந்த ஊர்ப் பள்ளிக்கே தலைமையாசிரியராக வந்து சேர்ந்தேன். அதுவரையில் சொல்ல ஒன்றுமில்லை. நான் வந்த காலத்தில்தான் ஊருக்குக் கிழக்கே, சாயப்பட்டறைக் கழிவுநீர் ஓடும் சாய ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில், தெற்கத்திக் குடும்பங்கள் வந்து குடியேறின. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மழையும் வேலையும் இல்லாமல் பனியன் கம்பெனிகளை நம்பி வந்தவர்கள். முதலில் வந்தவை பதினெட்டுக் குடும்பங்கள். ஒரே மாதத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் கட்டிய பதினெட்டு வீடுகள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து இருந்தார்கள். பின்னால் இன்னும் பலர் வந்தாலும் அந்த இடத்தை அவர்கள் 'பதினெட்டு வீடு' என்றே சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும், முன்பு அங்கே பன்றிகள் மேய்ந்ததை வைத்து, 'பன்னிக்காடு' என்றார்கள். வீடுகள் வந்த பிறகும் விடவில்லை. வந்த பிறகுதான் அதிகமாகச் சொன்னார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓடையைத் தாண்டி என் பள்ளிக்கு வந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் எரிச்சல். காரணத்தை இப்போது எழுதவே கூசுகிறது. கோயில் கொடைக்கும், மாதா கோயில் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போனால் இரண்டு வாரம் வர மாட்டார்கள். என் வருகை விழுக்காடு சரியும். மாதக் கூட்டத்தில் மற்றத் தலைமையாசிரியர்கள் முன்னால் நான் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை தன் தாத்தாவைப் பார்க்கப் போனது எனக்கு அவமானமாகப் பட்டது.

ஊருக்கு இருந்த எரிச்சல் வேறு. ஊராட்சித் தலைவர் குழந்தைவேல் ஒரு நாள் பள்ளிக்கே வந்தார். நிலமும் நிட்டிங் மெஷின்களும் உள்ளவர். அவருடைய மெஷின்களை ஓட்டியவர்கள் பாதிப் பேர் அந்தப் பதினெட்டு வீட்டுக்காரர்கள்தான்.

"ஏனுங்க வாத்தியாரே, எந்த ஊரு, என்ன ஆளுன்னே தெரீல. நம்ம புள்ளைங்களும் அவிய புள்ளைங்களும் ஒரே பலகைல உக்கோந்துட்டு, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சுட்டு. நல்லாவா இருக்குதுங்க?"

"கவர்மெண்டு பள்ளிக்கொடம், நான் என்னங்க பண்ணட்டும்?"

"ஓடைக்கு அக்கட்டயே ஒண்ணு கட்டிக் குடுத்துருங்க. இப்பத்தான் புதுசு புதுசாத் தொறக்கறாங்களாமே."

உண்மைதான். எல்லாக் குடியிருப்புக்கும் தொடக்கப் பள்ளி என்று அரசு அப்போது புதிய பள்ளிகளுக்குக் கருத்துரு கேட்டிருந்தது. நல்ல திட்டம். ஒரு நல்ல திட்டத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை எங்கள் ஊரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கருத்துரு தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. படிவத்தில் முதலில் கேட்பது தூரம். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அப்போது நாங்கள் தூரம் அளந்த முறை இது: சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் ஒரு துணியைக் கட்டி, துணி மேலே வரும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டே தள்ளிப் போவது. சக்கரத்தின் சுற்றளவு தெரியும், சுற்றுகளால் பெருக்கினால் தூரம். பள்ளி வாசலிலிருந்து மேட்டின் முதல் வீடு வரை எண்ணினேன். ஒரு கிலோமீட்டர் வரவில்லை. ஆனால் அடுத்த கட்டத்தில் 'இயற்கைத் தடை ஏதும் உண்டா' என்று இருந்தது. மழைக் காலத்தில் பிள்ளைகள் கடக்க இயலாத ஓடை என்று எழுதினேன். அது பொய்யில்லை. மழை பெய்தால் சாயத் தண்ணீர் இடுப்பளவு வரும். ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டுப் பிள்ளைகள் அதே ஓடையைத் தாண்டித்தான் வந்தார்கள், அப்போது அந்தத் தடை என் கண்ணில் படவில்லை என்பதுதான் விஷயம்.

செய்தி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மரியபுஷ்பம் என்கிற அம்மா என்னைப் பார்க்க வந்தார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்த பனியனில் குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தார், புடவைத் தலைப்பில் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பத்தாவது வரை படித்தவர். அவருடைய மகள் ஜெபராணி என் பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

"சார், ஸ்கூலு வருதுன்னு சொல்லுதாவ. ரொம்ப சந்தோசம். பேரு மட்டும் பதினெட்டு வீடுன்னு போட்டுத் தந்திருங்க. எல்லார்ட்டயும் கேட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கேன்."

முழுத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதிய மனு. அழகான கையெழுத்து. கீழே வரிசையாகக் கையொப்பங்களும் பெருவிரல் ரேகைகளும்.

"பேரு என்னம்மா, எதுவானா என்ன? பள்ளிக்கொடம் வந்தாப் போதாதா?"

"இல்ல சார். எங்க வீட்டுக்கு வரி ரசீது கிடையாது, கரண்டு கிடையாது. கேட்டா, அங்க வீடே கிடையாது, காடுதான்னு பஞ்சாயத்துல சொல்லுதாவ. கவர்மெண்டு ஸ்கூல்ல பதினெட்டு வீடுன்னு எழுதிட்டா, பெறகு வீடு இல்லன்னு யாரு சொல்ல முடியும்?"

அவர் அவ்வளவு தெளிவாக யோசித்திருந்தார். "பாக்கலாம்மா" என்று வாங்கி வைத்தேன். அந்த மனுவுக்கு நான் பதிவு எண் போடவில்லை. கோப்பில் சேர்க்கவில்லை.

அதே யோசனை குழந்தைவேலுக்கும் இருந்தது. மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தார். "அவிய சொல்ற பேரப் போட்டுக் குடுத்துராதீங்க வாத்தியாரே. இன்னிக்கு வீடும்பாங்க, நாளைக்கு லைட்டும்பாங்க, நாளான்னிக்குப் பட்டா கேப்பாங்க. ஊரு என்ன சொல்லுதோ அதைய எழுதுங்க. பன்னிக்காடுன்னா எவனும் வந்து வம்பு பண்ண முடியாது பாருங்க." பிறகு சிரித்தார். "அந்தப் பேரு இருந்தா நம்ம சனம் ஒருத்தரும் புள்ளைகளை அங்க சேக்க மாட்டாங்க. அவியளும் இங்க வர மாட்டாங்க. ரெண்டு பக்கமும் நிம்மதிங்க."

அவர் என்னை மிரட்டவில்லை. எனக்கு ஒன்றும் கொடுக்கவும் இல்லை. என் ஊர், என் சனம், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். அது போதுமாக இருந்தது எனக்கு.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ஒன்றியத்தின் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் சதாசிவம் ஐயா. சோமனூர்க்காரர். பார்வைக்கு வருகிற பள்ளியில் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார மாட்டார். பிள்ளைகளின் பலகையை இழுத்துப் போட்டு உட்காருவார். குடிதண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு வருவார், இளநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். எந்தப் படிவத்தையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். 'மேலருந்து படிச்சா, எழுதுனவன் நெனச்ச மாதிரியே நாமளும் நெனச்சுருவோம்' என்பார். ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. இரண்டாம் தடவை பேனாவை மூடிவிட்டு. மூடிவிட்டால், இன்னும் எழுதவில்லை, நீ மாற்றிக்கொள்ளலாம் என்று பொருள். அவரிடம் வேலை பார்த்த எல்லாருக்கும் அது தெரியும்.

கருத்துருவைச் சரிபார்க்க வந்தார். என்னோடு மேடு வரை நடந்தார். ஓடையைப் பார்த்தார். வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து கீழிருந்து மேலே படித்துக்கொண்டே போனார். கடைசியாக, மேலே இருந்த 'குடியிருப்பின் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்தார். நான் பென்சிலால் பன்னிக்காடு என்று எழுதியிருந்தேன்.

"இது ஊர்ல சொல்ற பேருங்களா, அங்க குடியிருக்கறவங்க சொல்ற பேருங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க ஐயா."

பேனாவை மூடினார். "குடியிருக்கறவங்க என்னன்னு சொல்றாங்க? யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? ஏன்னா, இது பள்ளிக்கொடத்துப் பேருங்க வாத்தியாரே. ஒரு தடவ மேல போயிருச்சுன்னா கீழ எறக்கறது செரமம்."

ஜன்னலுக்கு வெளியே குழந்தைவேல் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்காது. கேட்கவும் வேண்டியதில்லை.

"யாரும் எழுதிக் குடுக்கலீங்க. பன்னிக்காடுன்னுதான் சொல்றாங்க."

சதாசிவம் ஐயா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, பென்சில் எழுத்தின்மேல் மையால் எழுதினார். அவர் கையெழுத்தில்தான் அது மேலே போனது. சொன்னது நான்.

மனு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிகளில் தாளுக்கு எப்போதும் பஞ்சம். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள் கிடைத்தால் பின்பக்கத்தில் அன்றாடம் சத்துணவுக்கு வந்த பிள்ளைகளைக் குறித்து வைப்போம். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். மரியபுஷ்பம் எழுதிய மனு முழுத்தாள், நல்ல கெட்டித் தாள். அதன் பின்பக்கத்தில் வகுப்புவாரியாகச் சாப்பாட்டுத் தட்டுகளை எழுதினேன். மாத முடிவில் கட்டோடு கட்டாகப் போனது. ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஒரு மனுவை ஒழிக்க இதைவிட ஒழுங்கான வழி எனக்குத் தெரியாது.

பள்ளி திறந்த அன்று சுவரில் நீல எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. பதினெட்டு வீட்டு மக்கள் மொத்தமும் வந்து நின்றார்கள். ஒருவர் உரக்கக் கூட்டி வாசித்தார்.  வயதான ஒருவர், "ஏ அய்யா, பேரே எழுதாம சுவர வெறுமன விட்ருக்கலாம்லா" என்றார். மரியபுஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலைவருக்கு மாலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தன் மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் முதல் பலகையில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

என் வருகை விழுக்காடு ஏறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பணி மூப்பில், சதாசிவம் ஐயா ஓய்வு பெற்றுப் போன அதே நாற்காலிக்கு நான் போனேன். அந்த ஒன்றியத்தின் தொடக்கப் பள்ளிகள் எல்லாம் என் கையில்.

ஜூன் மாதம். பள்ளிகள் திறந்து இரண்டாம் வாரம். மாற்றல் கேட்டு வந்த ஆசிரியர்கள், எழுத்தர்கள் என்று அலுவலகம் நிரம்பியிருந்தது. மரியபுஷ்பம் நேராக என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு மாற்றுச் சான்றிதழை எடுத்து என்முன் வைத்தார்.

"இத வாசிங்க சார்."

பார்த்தேன். ஜெபராணி. ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி. நடத்தை நன்று.

"சத்தமா வாசிங்க. எந்த ஸ்கூலுன்னு வாசிங்க."

"என்னம்மா விஷயம், சொல்லுங்க."

"நீங்க வாசிச்சாத்தான் விஷயம் தெரியும் சார். எம் பிள்ளையையும் இப்பிடித்தான் ஆறாம் கிளாஸ்ல நிப்பாட்டி வச்சு வாசிச்சாவ."

வாசித்தேன். "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, பன்னிக்காடு." எனக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மூக்கால் சிரித்தார். மாற்றல் கேட்டு வந்திருந்த இரண்டு ஆசிரியைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பாத்தீங்களா? படிச்ச பெரிய மனுசங்களே சிரிக்காவ. பிள்ளைங்க சிரிக்காதா?" அவர் குரல் உயரவில்லை. "சேர்க்கைப் பதிவேட்டுல எழுதுததுக்கு, எந்த ஸ்கூல்லருந்து வாறன்னு வாத்தியார் சத்தமா கேட்டிருக்காரு. இவ சொல்லியிருக்கா. அன்னையிலருந்து கிளாஸு பூரா பன்னி மாதிரி உறுமுதாம். வாத்தியாரும் சிரிச்சாராம். நாலு நாளு போனா. அஞ்சாம் நாளு போக மாட்டேன்னுட்டா. ஹெட்மாஸ்டர்ட்ட கேட்டா, சின்னப் பிள்ளைங்க அப்பிடித்தாம்மாங்காரு. டி.சி.யத் திருப்பிக் குடுங்கன்னேன், உடனே குடுத்துட்டாரு. தடுக்கவே இல்ல."

ஒரு பிள்ளை ஐந்து நாளில் பள்ளியை விட்டு நிற்கிறது. அது எந்த அறிக்கையிலும் வராது. சேர்க்கை எண் கொடுப்பதற்கு முன்பே நின்றுவிட்டதால், அந்த உயர்நிலைப் பள்ளியைப் பொறுத்தவரை ஜெபராணி என்றொரு பிள்ளை அங்கே வந்ததே இல்லை. கல்வித்துறையில் என்னைப் போல் எத்தனை பேர் இப்படிச் சுத்தமான பதிவேடுகளோடு ஓய்வு பெற்றுப் போயிருக்கிறோமோ.

"சான்றிதழ்ல மட்டும் மாத்த முடியாதும்மா. அரசாணை வேணும்" என்றேன்.

"அன்னைக்கு நான் குடுத்த மனு எங்க சார்?"

 உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. நான் சொன்னேன்: "அது அப்பவே மேல அனுப்பிட்டேனேம்மா. மேல இருக்கறவங்க முடிவு பண்றதுதான்."

"அப்ப நீங்க பதினெட்டு வீடுன்னு அனுப்புனீங்க. மேல உள்ளவங்கதான் எங்களப் பன்னின்னு எழுதுனாவ. அப்பிடியா சார்?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு, "அவங்க நல்லாயிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாழ்த்தவில்லை. அது சதாசிவம் ஐயாமேல் போய் விழுந்தது. என்னிடம் இரண்டு தடவை கேட்ட, இளநீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர்மேல்.

அடுத்த ஆண்டு ஒரு காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கம்பெனி வேன் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். நடுவில் ஜெபராணி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ். பன்னிரண்டு வயது. எந்தக் கம்பெனி அந்த வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது என்று எழுதி அட்டை போட்டுக் கொடுத்தது? சட்டையில் பிசிறு வெட்ட அவளுடைய சின்ன விரல்கள் வசதியாக இருந்திருக்கும். வெளிநாட்டுக்காரன் ஆய்வுக்கு வருகிற நாளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கம்பெனிக்காரன்மேல் கோபப்படுகிற உரிமையை நான் எங்கே வைத்திருந்தேன்? அவளை வேன் வரைக்கும் கொண்டுவந்து விட்டவனே நான்தானே. அவள் என்னைப் பார்த்து, பழக்கத்தில், "வணக்கம் சார்" என்றாள். வேன் போய்விட்டது.

அன்று மாலையே சோமனூருக்குப் போய் சதாசிவம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா தன் மகனோடு தங்கியிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"நான் ரெண்டு தடவ கேட்டேனுங்களே" என்றார்.

"கேட்டீங்க ஐயா."

"எங்கிட்ட வந்து அழுவாதீங்க. அந்த மனுவத் தேடுங்க. சத்துணவுக் கட்டுன்னா, தணிக்கை முடியற வரைக்கும் பள்ளிக்கொடத்துல இருந்தாகணும்." என்னை வாசல் வரை வந்து அனுப்பவில்லை.

அவர் சொன்னது சரி. என் பழைய பள்ளியில், அழிக்கக் குறித்திருந்த கட்டுகளுக்கு நடுவே மனு கிடைத்தது. ஒரு பக்கம் மரியபுஷ்பத்தின் எழுத்து, மறுபக்கம் என் எழுத்து.

பெயர் மாற்றத்துக்குக் கிராமசபைத் தீர்மானம் முதலில் வேண்டும். பிறகு ஒன்றியம், மாவட்டம், இயக்குநரகம். நான் அலுவலராக இருந்து அனுப்பிய கடிதங்களுக்குக் குழந்தைவேல் பதிலே போடவில்லை. நேரில் கேட்டால், "அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாமுங்க" என்பார். எங்கள் பக்கத்துக் கிராமசபை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள், தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தப் புத்தகம் ஓடையைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. அதற்குள் நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த மே தினக் கிராமசபைக்கு முன், பதினெட்டு வீட்டுக்குப் போனேன். மரியபுஷ்பத்தின் வாசலில் நின்று, மனுவைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் தாளை வாங்கி முன்பக்கம் பார்த்தார்.

"இது என் எழுத்துல்லா." திருப்பினார். "இது என்ன சார்?"

"சத்துணவுக்கு வந்த புள்ளைகளோட எண்ணிக்கைம்மா. அது என் எழுத்து."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன். "எங்க பேர வச்சு தட்டு எண்ணியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, "கூட்டம் எப்ப?" என்றார்.

மே தினம் என்று பெயர். கம்பெனிகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அன்றும் ஓடின. ஷிப்மெண்ட் அவசரம். இருந்தும் பதினெட்டு வீட்டிலிருந்து நாற்பது பேருக்குமேல் வேலையை விட்டு வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். குழந்தைவேல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். நான் எழுந்து, மனுவின் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். நான்தான் மறைத்தேன், அலுவலரிடம் பொய் சொன்னேன், பிறகு இந்த அம்மாவிடமும் பொய் சொன்னேன், சதாசிவம் ஐயாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன்.

"ஏனுங்க வாத்தியாரே, ரிட்டேடு ஆனாத்தான் ஞானம் வருமாட்ட இருக்குதுங்க" என்றார் தலைவர். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

"அப்பவே இருந்துச்சுங்க தலைவரே. உங்களுக்கும் ஊருக்கும் பயந்துட்டு வெளிய எடுக்கல."

பின்வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். "காலங்காலமாச் சொல்ற பேருங்க. பன்னி என்ன, யாரையாச்சும் கடிச்சுதா?"

மரியபுஷ்பம் எழுந்தார். "கடிக்கல அண்ணாச்சி. அம்புட்டு நல்ல பேருன்னா உங்க ஊரு ஸ்கூலுக்கு வச்சுக்கிடுங்க. உங்க ஸ்கூலு பேர நாங்க வச்சுக்கிடுதோம். இன்னைக்கே கையெழுத்துப் போடுவோமா?"

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்தே கையெழுத்துப் போட்டுப் பழகிய ஊர், வீட்டிலேயே இருந்துவிட்டது. வந்திருந்தவர்களில் பதினெட்டு வீட்டுக்காரர்கள்தான் அதிகம். தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து என் சொந்த ஊரில் பலர் என்னோடு பேசுவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். போகட்டும்.

கோப்பு ஒன்றரை ஆண்டுக்குமேல் மேசை மேசையாக உட்கார்ந்தது. நானே ஏறி இறங்கினேன். ஒருவழியாக ஆணை வந்தது. பள்ளிச் சுவரில் பழைய பெயர்மேல் வெள்ளை அடித்துப் புதிய பெயரை எழுதினார்கள். மின்சாரத்துக்கு விண்ணப்பித்தபோது அந்த ஆணையின் நகலை மரியபுஷ்பம் இணைத்துக் கொடுத்தார். வீடு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறதல்லவா.

ஆணை வந்தால் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தேன். ஆணையின் கடைசி வரியில், இது இந்நாள் முதல் நடைமுறைக்கு வருகிறது என்று இருந்தது. இந்நாளுக்கு முன்னால் படித்து முடித்தவர்களின் சான்றிதழை மாற்ற வழியில்லை. ஜெபராணியின் சான்றிதழில் நான் வைத்த பெயர் அப்படியே இருக்கிறது.

அவளை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வைக்கிறேன் என்று மரியபுஷ்பத்திடம் கேட்டேன். "அவட்ட கேளுங்க" என்றார். ஜெபராணிக்கு அப்போது பதினைந்து வயது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி என்றாள். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். கணக்கில் கெட்டிக்காரி. மற்றப்படி பாடத்தைத் தவிர என்னிடம் எதுவும் பேச மாட்டாள்.

விண்ணப்பம் கொடுக்கிற நாளில் தேர்வுத்துறை அலுவலகத்துக்கு அவளோடு போனேன். படிவத்தில் 'கடைசியாகப் படித்த பள்ளி' என்று ஒரு கட்டம். "பதினெட்டு வீடுன்னு எழுது கண்ணு. ஆணை நகல் எங்கிட்ட இருக்குது, நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"டி.சி.ல அப்பிடி இல்லையே சார்."

"இல்லீன்னா என்ன, நான் சொல்றேன்ல."

"வேண்டாம் சார். நான் படிச்சப்ப அந்தப் பேருதான் இருந்திச்சு. மாத்தி எழுதுனா நான் படிக்கவே இல்லன்னு சொல்லிருவாங்க." நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அவளுக்கும் அம்மாவின் கையெழுத்து.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். உதடு கோணியது. "என்னது... பன்னிக்காடா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஆமா சார். டி.சி. பின்னாடி இருக்கு, சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துக்கிடுங்க" என்றாள் ஜெபராணி.

"யாருப்பா இப்பிடியெல்லாம் பேரு வெக்கறது..."

"நான்தானுங்க வெச்சேன்" என்றேன். "இந்த ஒன்றியத்துல ஏ.இ.இ.ஓ.வா இருந்தேன். இந்தப் புள்ளையோட அம்மா வேற பேரு எழுதிக் குடுத்தாங்க. நான்தான் மறைச்சுட்டு இதைய வெச்சேன். சிரிக்கறதுன்னா என்னப் பாத்துச் சிரிங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வெளியே வந்தோம். படியிறங்கும்போது ஜெபராணி அந்தச் சீட்டை மடித்து அடையாள அட்டையின் உறைக்குள் வைத்தாள்.

"இத அன்னைக்கே ஆபீஸ்ல எங்கம்மாட்ட சொல்லியிருந்தீங்கன்னா, இந்த வருசம் நான் பத்தாவது எழுதிட்டு இருந்திருப்பேன் சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து விடை சொல்வது போலச் சொன்னாள். மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.